சொட்டு நின்ற வீடு

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நவம்பரில், முதல் குளிர் இறங்கிய கையோடு, குலசேகரம் வீட்டுப் புகைக்குழாயில் இருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பெரிய ஒழுக்கு ஒன்றும் இல்லை. நிதானமாக ஒருதரம் முருகா என்று சொல்லி முடிக்கிற நேரத்துக்கு ஒரு சொட்டு. ஆனால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் குழாய் பொருத்துகிற ஃபிற்றராக நின்ற மனிசருக்கு, தன் வீட்டுக் குழாய் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க ஒழுகுவதென்பது நாலு பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்ததற்குச் சமம்.

வீடு லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தது. ஒட்டிக்கொண்டு நிற்கிற பழைய வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தின வீடு. முன்னுக்கு ஒரு அறை, பின்னுக்குச் சமைக்கிற குசினி, மேலே இரண்டு அறை. குசினிச் சுவரில் பொயிலர் தொங்கியது. காஸில் எரிந்து வீடு முழுக்கச் சூடு அனுப்புகிற பெட்டி அதுதான். அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், பக்கத்து வீட்டோடு பொதுவான ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நெஞ்சுயரத்தில் வாயை நீட்டிக்கொண்டு நின்றது. வாய்க்கு ஒரு கம்பிக்கூடு. பொயிலர் எரிகிற நேரமெல்லாம் அந்தக் கூட்டுக்குள்ளால் வெள்ளையாக ஆவி வரும். இப்போது ஆவியோடு தண்ணீரும் வந்தது. பகலில் தரையை நனைத்துப் பாசி பிடிக்க வைத்தது. விடியப்புறம் உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

அந்தக் கண்ணாடியில் கால் வைத்தவர் பக்கத்து வீட்டு டெட். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் கிழவர். வேலியைப் பிடித்துத் தப்பிவிட்டார். அதே மூச்சோடு வந்து கைத்தடியால் கதவைத் தட்டினார். அவருடைய ஆங்கிலத்தில் பாதிதான் குலசேகரத்துக்குப் பிடிபடும். அன்றைக்கு அந்தப் பாதியே போதுமாயிருந்தது.

"மிஸ்டர் குலா, உங்கள் குழாய் என்னைக் கொல்லப் பார்க்கிறது. வேலை தெரிந்த ஆள் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்."

"நானே வேலை தெரிந்த ஆள்தான்," என்றார் குலசேகரம். "நான் ஃபிற்றர்."

பெற்றோல் ஸ்ரேசன் சட்டையோடு, நெஞ்சில் பெயர்த் தகடு குத்திக்கொண்டு நின்றவரை டெட் மேலும் கீழும் பார்த்தார். "அப்படியென்றால் நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'நல்லது' குலசேகரத்துக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

உள்ளே சிவகௌரி கதிரையில் ஏறி நின்று அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சாமியறை என்று தனியாக இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில்தான் முருகன் வள்ளி தெய்வானையோடு குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கந்தசஷ்டி தொடங்குகிறது.

"இஞ்சாருங்கோ, காஸ்காரருக்கு ஒரு போன் அடிச்சா வந்து பாப்பினம்தானே," என்றாள்.

"அவங்கள் வந்து எனக்குப் பைப் காட்டித் தாறதோ? நல்ல கதை. தண்ணி ஏன் சொட்டுது, சொல்லும் பாப்பம்?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"சூட்டு ஆவி வந்து குளிர் இரும்பிலை படுகுது. பட்ட உடனை தண்ணியாகுது. கஞ்சிப்பானை மூடியிலை நிக்கிறேல்லையே, அது மாதிரி. அப்ப இரும்பு குளிராமல் பாத்தால் காணும். அங்கை சீமெந்து ஃபக்டரியிலை எங்கடை ஸ்ரீம் பைப்புகளுக்குக் கம்பளி சுத்தித்தானே விடுறனாங்கள். ஒரு சொட்டு விழாது."

"அது உள்ளுக்கை ஆவி ஓடுற பைப்பெல்லோ. இது புகை வெளியிலை போற பைப்."

"பைப் எண்டால் பைப்தானப்பா. நீர் சாமித்தட்டைப் பாரும், நான் இதைப் பாக்கிறன்."

அவள் திரும்பிச் சாமித்தட்டைத் துடைக்கத் தொடங்கினாள். ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியதில், ஃபிற்றர் விஷயத்தில் வாய் கொடுத்து ஒருநாளும் அவள் வென்றது கிடையாது.

சனிக்கிழமை குலசேகரம் வேலைக்கு லீவு போட்டார். படிக்கட்டில் இருந்து உரித்த பழைய கார்ப்பெற் ஒரு துண்டு கொட்டிலுக்குள் கிடந்தது. அதை அளந்து வெட்டினார். குழாயைச் சுற்றி, கம்பிக்கூட்டையும் சுற்றி, இரண்டு மடிப்பாகக் கட்டினார். மேலே பொலித்தீன் போர்த்து, கம்பியால் இறுக்கி, விளிம்புகளுக்கெல்லாம் ரேப் நாடா ஒட்டினார். புகை போவதற்குக் கீழ்ப்பக்கம் ஒரு கையகலம் வாய் விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். மனிசர் முட்டாள் இல்லை. விரல் விறைக்க விறைக்க, மூக்கால் நீர் ஓட ஓட, மூன்று மணித்தியாலம் நின்று அந்த வேலையைச் செய்தார். லண்டனுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவர் கை இப்படி ஒரு வேலையைத் தொட்டதில்லை. பெற்றோலுக்குக் காசு வாங்கி மிச்சம் கொடுக்கிற கை அது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்குச் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

அன்றிரவு நல்ல மழை. கார்ப்பெற் தண்ணீரைக் குடித்துக் கனத்து, கீழே இறங்கி, அவர் விட்ட வாயை அதுவே மூடிக்கொண்டது. விடிய அவர் போய்ப் பார்த்தது தரையைத்தான். தரை காய்ந்திருந்தது.

"சிவா, வந்து பாரும். ஒரு சொட்டு இல்லை."

டெட்டையும் கூப்பிட்டுக் காட்டினார். டெட் கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்து, தொப்பியைத் தொட்டு மரியாதை சொன்னார்.

சிவகௌரி கந்தசஷ்டி விரதம் பிடிப்பது அது ஆறாவது வருஷம். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கலியாணம் கட்டி ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லாத வீட்டில் அதைக் கேட்கத் தேவையும் இல்லை. ஆறு நாளும் பகலில் பச்சைத்தண்ணீர்தான். பொழுதுபட்ட பிறகு ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். அப்டன் பார்க்கில் அவள் தைக்கிற ஃபக்டரியில் வருஷம் முழுக்கச் சேர்த்த லீவை இந்த ஒரு கிழமைக்கென்றே எடுப்பாள். குளித்து, ஈரத்தலையோடு குசினியில் பாயைப் போட்டு, சாமித்தட்டுக்கு முன்னால் இருந்தாளென்றால் பின்னேரம் வரை அங்கேதான்.

திங்கட்கிழமையே தலையிடி தொடங்கிவிட்டது.

"தேத்தண்ணி இல்லாத தலையிடி," என்றாள் அவள். "ரெண்டு நாளிலை பழகிப்போம்."

"எனக்கும்தான் விடியத் தலை பாரமாக் கிடந்தது. வேலைக்குப் போனாப் பிறகு விட்டிட்டுது," என்றார் குலசேகரம்.

"உங்களுக்குக் குளிர் பிடிச்சிருக்கும். தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கோ."

அன்று இரவு அவர் ஒன்றைக் கவனித்தார். குசினி யன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. சட்டத்தில் தேங்கி, சுவரால் இறங்கி, தரை வரை வந்திருந்தது. சிவகௌரி அவர் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றை எடுத்து யன்னலடியில் வைத்திருந்தாள்.

"சோறும் காய்ச்சேல்லை, கறியும் வைக்கேல்லை. இந்தத் தண்ணி எங்கையிருந்து வருது?" என்று கேட்டாள்.

"வெளியிலை குளிர், உள்ளுக்கு சூடு. அதுதான்," என்றார். சொல்லிவிட்டுச் சாரத்தைப் பிழிந்து திரும்பவும் வைத்தார். வெளியே சொட்டாமல் நின்றுபோன தண்ணீர்தான் வீட்டுக்குள்ளே வந்திருக்கிறது என்று பதினொரு வருஷத்து ஃபிற்றருக்கு அந்த நேரம் உறைக்கவில்லை.

செவ்வாய் விடிய அவள் சத்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் இருந்து வந்தது வெறும் பச்சைத்தண்ணீர். புதனும் அப்படியே. புதன் பின்னேரம் மெற்றில்டா அக்கா வந்தார்.

மெற்றில்டா அக்கா அடுத்த தெரு. மன்னார்ப் பக்கம். ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை. நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர். கோயில் வேறு என்றாலும் சிவகௌரி விரதம் என்றால் ஒருநாளைக்காவது வந்து எட்டிப் பார்க்காமல் விடமாட்டார். கதவைத் திறந்த சிவகௌரியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை இது? நிக்கவே ஏலாமல் நிக்கிறாய்?"

"விரதம்தானே அக்கா. தலைச்சுத்தும் சத்தியுமாக் கிடக்கு."

"போன வருஷமும் விரதம் பிடிச்சனிதானே. அப்ப சத்தி எடுத்தனியே?"

"இல்லை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"இல்லையக்கா."

மெற்றில்டா அக்கா குசினிக்குள் வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் அந்தக் கேள்விக்குக் குரல் தாழத்தான் வேண்டும்.

"இந்த மாதம் வந்ததோ?"

சிவகௌரி நிலத்தைப் பார்த்தாள். "பன்ரண்டு நாள் தள்ளிப்போச்சு. முந்தியும் தள்ளினதுதானே எண்டு நான் ஒண்டும் நினைக்கேல்லை."

"சத்தி எப்ப கூட?"

"விடியத்தான். இந்தக் குசினிக்கை வந்தவுடனை பிரட்டும். வெளியிலை போய் நிண்டால் கொஞ்சம் சுகம்."

"பிறகென்ன!" மெற்றில்டா அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "எனக்கு மூத்தவன் வயித்திலை நிக்கேக்கையும் குசினி வாசல் மிதிக்க ஏலாது. நாலு பெத்தவள் சொல்லுறன் கேள். உன்ரை முருகன் கண் திறந்திட்டார்."

சிவகௌரி சாமித்தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருந்துக்கடையிலை அந்தக் குச்சி வாங்கி வரட்டே?"

"வேண்டாம் அக்கா." அவள் அவசரமாகச் சொன்னாள். "மூண்டுதரம் வாங்கிப் பாத்தாச்சு. மூண்டுதரமும் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டை இனி என்னாலை பாக்க ஏலாது. வாற செவ்வாய் டொக்டரிட்டைப் போறன். அவர் சொல்லட்டும்."

"அப்ப இண்டையோடை விரதத்தை விடு. சோறு தின்."

"விரதத்துக்கு நடுவிலை தந்தவரை, நடுவிலை விட்டிட்டு எழும்பச் சொல்லுறியளே? இன்னும் ரெண்டு நாள்தானே."

குலசேகரம் வேலையால் வந்ததும் மெற்றில்டா அக்காவே வாசலில் வைத்துச் செய்தியைச் சொன்னார். கேட்டவர் படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். சப்பாத்தின் ஒரு கயிற்றை அவிழ்த்தவர் மற்றதை அவிழ்க்க மறந்துபோனார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "அக்கா, தேத்தண்ணி குடிச்சனீங்களே?" என்று மட்டும் கேட்டார். சந்தோஷம் வந்தால் மனிசனுக்கு இப்படியும் மூளை வேலை செய்யாமல் நிற்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் செய்ததெல்லாம் அன்பினால் செய்தது. ஹீற்றிங்கை விடிய ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும் மட்டுமே போட்டு வந்த சிக்கனக்காரர், அன்றைக்கு பொயிலர் மணிக்கூட்டு முள்ளைத் திருப்பி நாள் முழுக்க எரிய விட்டார். குசினிச் சுவரில் காற்று வருவதற்கென்று ஓட்டை போட்ட செங்கல் ஒன்று இருந்தது. அதால் குளிர் வருகிறதென்று தமிழ்ப் பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்து, மேலே ரேப் ஒட்டினார். பின்கதவின் அடிக்குத் துவாய் சுருட்டி வைத்தார். பாயில் இருந்தால் முதுகு நோகும் என்று முன்னறைச் சோபாவின் மெத்தைகளைக் கொண்டுவந்து சாமித்தட்டுக்குக் கீழே, பொயிலருக்குப் பக்கத்தில் போட்டார். வீட்டில் வேறெங்கும் இந்தச் சூடு கிடையாது.

"இனி ஒரு நூல் காத்து உள்ளுக்கு வராது," என்றார்.

சிவகௌரி மெத்தையில் சாய்ந்தாள். "பேர் என்ன வைக்கிறது?" என்று கேட்டாள்.

"பொறுமப்பா. முதல் டொக்டர் சொல்லட்டும்."

"ஆறுமுகம் எண்டால் இஞ்சை பள்ளிக்கூடத்திலை நெளிப்பினம். குமரன் எண்டால் அவங்களுக்கும் வாயிலை வரும்."

"பெட்டையெண்டால்?"

"பெட்டையெண்டால் நீங்கள் வையுங்கோ," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் முகம் சிவந்திருந்தது. உதடு குங்குமம் பூசியது போல இருந்தது. பார்த்துவிட்டுப் போக வந்த மெற்றில்டா அக்கா, "பாத்தியளே, பிள்ளைத்தாச்சிக் களை," என்றார். குலசேகரமும் பார்த்தார். கலியாணத்தன்றுகூட அவள் இவ்வளவு வடிவாக இருக்கவில்லை என்று நினைத்தார். தனக்கும் விடியத் தலை வெடிக்கிற மாதிரி இடித்ததை, சந்தோஷத்தில் நித்திரை கொள்ளாத இடி என்று தள்ளிவிட்டார்.

வெள்ளி, விரதத்தின் கடைசி நாள், சூரன்போர். பின்னேரம் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று குலசேகரம் காலை ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு போனார். வெளிக்கிடும்போது அவள் மெத்தையில் கிடந்தபடியே கையை மட்டும் உயர்த்தினாள். "வாறன் சிவா," என்றார். அவள் ஓம் என்றாளா இல்லையா என்று பிறகு எத்தனை யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

பதினொன்றரைக்குப் பெற்றோல் ஸ்ரேசன் போன் அடித்தது. எதிரே வான்காரன் ஒருவன் காசை நீட்டிக்கொண்டு நின்றான். போனில் மெற்றில்டா அக்கா. கஞ்சி கொண்டு வந்தனான், பின்கதவு திறக்கேல்லை, தள்ளிக்கொண்டு போனனான், சிவா எழும்புறாளில்லை, என்று ஒரே மூச்சில் வந்தது.

"எழும்புறாளில்லையெண்டால்?"

"எழும்புறாளில்லை தம்பி! காத்துப் படட்டுமெண்டு இழுத்து ஒழுங்கைக்கை போட்டிருக்கிறன். அம்புலன்ஸ் வருது. ஓடி வாரும்!"

குலசேகரம் ஓடினார். நாற்பத்தொரு வயது மனிசர், கோட்டும் இல்லாமல், பனி தூவத் தொடங்கிய தெருவில் வாயைப் பிளந்துகொண்டு ஓடினார். அவர் வந்தபோது வீட்டின் யன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. அம்புலன்ஸ்காரன் ஒருவன், யாரும் உள்ளே போக வேண்டாம் என்று வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றான். டெட் தன்னுடைய கட்டில் போர்வையைச் சிவகௌரிக்குப் போர்த்திவிட்டு, குளிரில் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டொக்டர் பெண் ஒருத்தி அவரை நிற்பாட்டி வைத்துக் கேட்டாள். வீட்டில் காஸ் அடுப்பா? பொயிலர் எங்கே? எத்தனை நாளாகத் தலையிடி?

"மேடம், அவள் பிள்ளைத்தாச்சி," என்றார் குலசேகரம். "ஆறு நாளாக விரதம். அதனால்தான் மயக்கம்."

"விரதத்தால் இல்லை. இரத்தத்தில் நஞ்சு ஏறியிருக்கிறது. காஸ் சரியாக எரியாத புகையில் வருவது."

"வீட்டில் ஒரு மணமும் இல்லையே."

"அதற்கு மணம் கிடையாது," என்றாள் டொக்டர். "ஒட்சிசன் கொடுத்திருக்கிறோம். கண் விழித்திருக்கிறார், அது நல்ல அறிகுறி. குழந்தை விஷயத்தையும் பார்க்கச் சொல்கிறேன். காஸ் ஆட்கள் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் போய் அவர்களுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்."

மெற்றில்டா அக்காவைக் கட்டிலடியில் விட்டுவிட்டுக் குலசேகரம் வீட்டுக்குப் போனார். காஸ்காரர் ஏற்கெனவே வந்து ஒழுங்கைக்குள் குந்தியிருந்தார். நரைத்த மீசை, முழங்காலுக்குத் தோல் கட்டிய காற்சட்டை, பக்கத்தில் சாமான் பை. பார்த்த உடனே வேலை தெரிந்த ஆள் என்று குலசேகரத்துக்குத் தெரிந்தது. அவர் கம்பியை வெட்டி, பொலித்தீனைக் கிழித்து, கார்ப்பெற்றை உரித்தார். உள்ளே கம்பிக்கூடு கரி பிடித்துக் கறுத்திருந்தது. தேங்கியிருந்த தண்ணீர் ஒரு வாளியளவு தொபுக்கென்று கீழே விழுந்தது.

"யார் செய்தது இதை?" என்று கேட்டார்.

குலசேகரத்தின் வாய்க்குள் ஒரு பொய் வந்து நின்றது. முன்பு இருந்த ஆட்கள் என்று சொல்லிவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் டெட் நின்றார். தொப்பியைத் தொட்டு மரியாதை சொன்ன அதே டெட். அவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றார் குலசேகரம். "தண்ணீர் சொட்டியது. அதை நிற்பாட்ட."

காஸ்காரர் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காஸ் எரிந்தால் புகையோடு தண்ணீரும் உண்டாகும் சேர். குளிர்காலத்தில் வெளியே வந்து சொட்டும். சொட்டட்டும் என்று விடவேண்டியதுதான். தரை வழுக்கினால் கீழே ஒரு வாளி வைக்கலாம். இல்லாவிட்டால் எங்களைக் கூப்பிடலாம். போன் எடுத்திருந்தால் அன்றைக்கே வந்திருப்போம்." எழும்பி முழங்காலைத் தட்டினார். "வழியை அடைத்ததும் புகை திரும்பி உள்ளே போயிருக்கிறது. பொயிலர் மூடியை இறுக்குகிற ரப்பர் வாரும் பழசு, விட்டுப்போயிருக்கிறது. அப்போதும் அந்த ஓட்டைச் செங்கல் திறந்திருந்தால் கொஞ்சம் காற்றாவது வந்திருக்கும். அதற்குள் யாரோ பேப்பர் திணித்திருக்கிறார்கள்."

"அதுவும் நான்தான்."

காஸ்காரர் பொயிலரில் பாவிக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார். குலசேகரம் குசினியில் நின்றார். மெத்தை, துவாய், ரேப், திருப்பிவிட்ட முள் என்று அங்கே கண்ணில் பட்டதெல்லாம் அவர் கையால் செய்தது. இதே கையால்தான் ஒவ்வொரு பக்கமாக அடைத்து, நடுவில் அவளுக்குப் படுக்கையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு கொலைகாரன் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான் என்று நினைத்தார். ஒழுங்கைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டொக்டர் விறாந்தையிலேயே அவரை மறித்தாள்.

"உங்கள் மனைவி கர்ப்பமாக இல்லை. இரண்டுதரம் பார்த்துவிட்டோம்."

"இருந்து போய்விட்டதா?"

"இல்லை. இருக்கவே இல்லை. சத்தியும் தலைச்சுற்றும் அந்தப் புகையால் வந்தது. சாப்பாடு குறைந்தால், யோசனை கூடினால் நாள் தள்ளிப்போகும்."

பிள்ளையைக் கொல்லவில்லை என்று ஒரு கணம் நெஞ்சு இலேசானது. அந்த இலேசுக்கே அடுத்த கணம் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இரண்டு நாள் கிடைத்த பிள்ளையை இப்போது அவர் உள்ளே போய் அவளிடமிருந்து பறிக்க வேண்டும். அதைச் செய்ய வேறு ஆள் இல்லை.

"நான் சொல்லட்டுமா?" என்று டொக்டர் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவரைக் கண்டதும் மெற்றில்டா அக்கா எழும்பி, முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். சிவகௌரி மூக்கையும் வாயையும் மூடிய ஒட்சிசன் முகமூடியோடு கிடந்தாள். கண் திறந்திருந்தது. கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். அவர் கதிரையில் இருந்ததும் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"இஞ்சாருங்கோ," குரல் கரகரத்தது. "இந்தக் காத்துப் பிள்ளைக்கும் போகுமே? காணுமே ரெண்டு பேருக்கும்? கேட்டுச் சொல்லுங்கோ."

குலசேகரம் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"சிவா..."

"கேளுங்கோவன் ஒருக்கா."

"கேட்டனான். பிள்ளை இல்லையாம் சிவா."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செத்துப்போச்சே?"

"இல்லை. வரவே இல்லையாம். எல்லாம் அந்தப் புகை. தலைச்சுத்து, சத்தி, எல்லாம். பொயிலர்ப் புகை வீட்டுக்குள்ளை திரும்பியிருக்கு." மூச்சு வாங்கினார். "வெளியிலை போற வழியை அடைச்சது நான். கார்ப்பெற் சுத்தினது நான். நீர் அண்டைக்கே சொன்னனீர். காஸ்காரருக்கு அடிக்கச் சொன்னனீர். நான்தான் கேக்கேல்லை. செங்கலையும் நான்தான் அடைச்சனான்."

அவள் வயிற்றில் இருந்த கையை எடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பக்கத்தில் போட்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் ஒருதரம் குலுங்கியது.

குலசேகரம் காத்திருந்தார். ஏசட்டும், அடிக்கட்டும், வெளியே போகச் சொல்லட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்வதென்று இருந்தார். யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

நேர்ஸ் ஒருத்தி நாடி பார்க்க வந்தாள். சிவகௌரி சுவரைப் பார்த்தபடியே முகமூடியை விலக்கி, ஃபக்டரியில் பழகிய உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இவரையும் பாருங்கள். இவரும் அந்த வீட்டில்தான் படுத்தவர்."

நேர்ஸ் திரும்பிக் குலசேகரத்தைப் பார்த்தாள். தலையிடி இருக்கிறதா என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லப் போனார்.

"ஓம், இருக்கு," என்றாள் சிவகௌரி தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "திங்கட்கிழமையில் இருந்து இருக்கிறது."

நேர்ஸ் அவர் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள். பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. அதில் அவரைப் படுக்க வைத்து, இன்னொரு முகமூடியைக் கொண்டுவந்து மூக்கில் வைத்து, வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்து விட்டாள். அதற்குள் காற்று வந்ததும் குலசேகரம் அழத் தொடங்கினார். பிளேஸ்டோத் தெருவில் ஓடும்போது அழாதவர், ஒழுங்கையில் அழாதவர், இப்போது தோளெல்லாம் குலுங்க, கண்ணீரும் சளியும் முகமூடிக்குள் ஒழுக, சின்னப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதார்.

சிவகௌரி திரும்பவில்லை.

"அழுதது காணும்," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "மூச்சை ஒழுங்கா இழுத்து விடுங்கோ. இருக்கிறது நாங்கள் ரெண்டு பேர்தான்."